அலுவலக நகல்

அத்தியாயம் 7

அறைக்குள் வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் லேப் முதலாளி மூன்று முறை கையைச் சுத்தம் செய்துவிட்டார். மேஜை ஓரத்து பாட்டிலை அழுத்துவார், உள்ளங்கையில் விழுந்ததை விரல் விரலாகத் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார். கீழ்த்தளத்தில் நாலு பேர் நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்திலும் சளியிலும் முங்கி வேலை செய்கிறார்கள். மாடியில் உட்கார்ந்து காகிதத்தைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷனுக்கு இத்தனை சுத்தம். பார்க்கப் பார்க்க கறாருக்குக் குமட்டியது.

கறார் என்பது அவள் பெயர் இல்லை. கணினித் திருட்டைத் துப்பறியும் தொழிலில் இறங்கிய முதல் வருடம் ஒரு கம்பெனிக்காரர், "அறிக்கையைக் கொஞ்சம் மாத்தி எழுதுங்களேன்" என்று குழைந்தார். அவள் பதில் சொன்ன விதத்தில் ஒட்டிக்கொண்டது அது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மிதித்த காலைத் துடைத்துக்கொண்டு பணிந்து நிற்கும் பழக்கம் அவளுக்கு வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய உதவியாளர். அப்பாவின் தம்பி. குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வால்வு திறந்து மூடி ஓய்வு பெற்றவர். கணினியில் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று தெரியாது. ஆனால் எது எங்கே கசியும் என்று மோப்பம் பிடித்துவிடுவார். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"கேஸ் சின்னதுதாம்மா," என்றார் முதலாளி. "ஒரு டீச்சர். கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. போன வருஷம் நம்ம லேப்ல ஒரு ஹார்மோன் டெஸ்ட் எடுத்திருக்கு அந்தப் பொண்ணு. குழந்தை தங்குமாங்கிற டெஸ்ட். ரிசல்ட் அவ்வளவு நல்லா இல்ல. அந்த ரிப்போர்ட் எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடுச்சு. கல்யாணம் நின்னு போச்சு. முந்தாநேத்து டீச்சர் அந்தக் காகிதத்தோட வந்து இங்க ஒரே ரகளை."

"எப்படியோன்னா எப்படி?"

"நம்ம டைப்பிஸ்ட்தான், வேற யாரு. எந்த ரிப்போர்ட்டை யார் திறந்தாலும் சாப்ட்வேர்ல பேர் விழும். ஊழியர்களைக் கவனிக்க நானே வச்ச ஏற்பாடு. பாருங்க, இந்த ரிப்போர்ட்டுக்கு ஒரே பேர். அவ பேர்." ஒரு தாளை நகர்த்தினார். நகர்த்திய விரலைப் பாட்டிலுக்குக் கொண்டுபோனார். "நாலு மணிக்கு வக்கீல் போலீஸ் புகாரோட வர்றார். நான் கையெழுத்துப் போட்டா அனுப்பிடுவார். வெளியாள் ஒருத்தர் பார்த்த சான்று இருந்தா பலமா இருக்கும்னார். ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, போதும்."

"ஒரு பக்கமா எழுதச் சொல்றீங்க," என்றார் சித்தப்பா.

முதலாளிக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தார்.

டீச்சர் கொண்டுவந்த ரிப்போர்ட்டின் ஜெராக்ஸும் மேஜையில் இருந்தது. கறார் எடுத்துப் பார்த்தாள். மேலே லேபின் முத்திரை, நடுவில் எண்கள். அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

"ஒரிஜினல் எங்க சார்?"

"அந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா."

"அடியில ஏதோ விட்டுப் போன மாதிரி இருக்கே."

"மெஷின் பழசும்மா," என்றார் முதலாளி, நாலாவது முறையாக பாட்டிலை அழுத்தியபடி.

* * *

மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சிறுநீர் பாட்டில் வாங்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சின்ன மேஜை. டைப்பிஸ்ட் அங்கே உட்கார்ந்திருந்தாள். கீபோர்டைப் பிடுங்கி எடுத்துப் போயிருந்தார்கள். வெறும் மேஜை முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி வரை உட்கார வேண்டும் என்பது உத்தரவு. போகிறவன் வருகிறவனெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மாள் தன் சீட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, இவளைத் தாண்டும்வரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கறார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க கொடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"உங்க பேர் மட்டும் ஏன் இருக்கு?"

"டைப் பண்ணினது நான்தானே. திறக்காம எப்படி டைப் பண்றது?" அவள் அழவில்லை. அழுது முடித்து ஒரு நாள் ஆன முகம். "வேலை செஞ்சதுக்கு சாட்சியா பேர் விழுந்திருக்கு. அதையே குற்றம்னு சொல்றாங்க. எங்க வீட்டுல டிகிரி வாங்கினது நான் ஒருத்திதான். தங்கச்சிங்க ரெண்டு பேர் என் சம்பளத்துல படிக்கிறாங்க. நோயாளி ரகசியத்தை வெளிய விட்டவள்னு போலீஸ் கேஸ் விழுந்தா, அப்புறம் எந்த லேப் மேடம் என்னை வாசல்ல நிக்க விடும்?"

கறாருக்குப் பதில் தெரியும். எதுவும் விடாது. அதே பதில் அவளுக்கும் பொருந்தியிருக்கும், தொழில் மட்டும் வேறாக இருந்திருந்தால். படித்த முதல் ஆளுக்கு வழுக்கி விழ அனுமதி கிடையாது. தள்ளி விடப்பட்டாலும் வழுக்கியதாகத்தான் ஊர் எழுதும்.

"அந்தக் காகிதத்தைப் பார்த்தீங்களா?"

"டீச்சர் என் மேஜையிலதான் வீசினாங்க. கையெழுத்துக்கு மேல என் பேர் இருந்துச்சு. அதனால போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சேன்."

"புத்திசாலி," என்றார் சித்தப்பா. "மேல இருக்கறவர் மெஷின் பழசாம். பொண்ணு போன் புதுசு."

போட்டோவில் அடிப்பகுதியும் இருந்தது. முதலாளியின் ஜெராக்ஸில் வெள்ளையாக இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: நகல் 2, அலுவலகத்துக்கு.

"இது என்ன?"

டைப்பிஸ்ட் குனிந்து பார்த்தாள். புருவம் சுருங்கியது. "இதை நான் கவனிக்கவே இல்லையே. இது வராது மேடம். இப்ப வராது. முன்னாடி ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ரெண்டா அச்சாகும். நகல் ஒண்ணு, நோயாளிக்கு. என் பக்கத்துல இருக்கற பிரிண்டர்ல. நகல் ரெண்டு, அலுவலகத்துக்கு. அது ஸ்டோர் ரூம் பிரிண்டர்ல வரும். மூணு வருஷம் முன்னாடி கம்ப்யூட்டரையெல்லாம் வெளிநாட்டு வாடகை சர்வருக்கு மாத்தினப்போ அந்த பிரிண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நகல் ரெண்டை யாரும் கண்ணால பார்த்ததில்ல."

"இது போன வருஷத்து டெஸ்ட்."

"ஆமா."

"அப்ப பிரிண்டர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு நகல் பொறந்திருக்கு," என்றார் சித்தப்பா. "கருமாதி முடிஞ்சவன் கடுதாசி போட்ட கதை."

கறார் எழுந்தாள். மணி ஒன்றரை. "நாலு மணி வரை இந்த இடத்தை விட்டு எழாதீங்க. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க."

"ஸாரி எழுதிக் கொடுத்தா புகார் இல்லாம விட்டுடறேன்னு சார் சொன்னார் மேடம்."

"பேனாவைத் தொட்டீங்க, நானே விரலை ஒடிப்பேன்."

* * *

லேபின் சர்வரைப் பராமரிப்பவர், எதிர்ச் சந்தில் டயர் கடைக்கு மேல் ஒற்றை அறை வைத்திருந்தார். ஐம்பது வயது. நீளமான ஆள். உள்ளே நுழைந்ததும் ரப்பர் வாசனையோடு இன்னொரு வாசனையும் மூக்கில் அடித்தது. ஜன்னல் ஓரத்தில் நாலு டம்ளர்கள். நாலிலும் பாலாடை காய்ந்து, அதன் மேல் பூஞ்சை பச்சையாகப் படர்ந்திருந்தது. அடியில் கரப்பான் ஒன்று மல்லாந்து உலர்ந்து கிடந்தது. ஒதுக்கித் தள்ளக்கூட ஆளில்லை.

திரைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை: ஓடுறதைத் தொடாதே.

"இது உங்க குலதெய்வமா?" என்றார் சித்தப்பா.

"தொழில் அனுபவம் சார். ஒரு தடவை ஒண்ணை நிறுத்தினேன். மூணு நாள் திட்டு வாங்கினேன். அன்னைக்கு எழுதி ஒட்டினது."

"அப்ப அந்தக் கரப்பான் ஓடறதா? அதையும் தொடலையே."

சர்வர்காரர் டம்ளர்களைப் பார்த்தார், அப்போதுதான் பார்ப்பதுபோல.

கறார் உட்காரவில்லை. நாற்காலி அப்படி. நின்றபடியே சர்வரில் நுழைந்து, அது என்னென்ன வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது என்ற பட்டியலைக் கேட்டாள். திரை நிரம்பி வழிந்தது.

"லேப் வேலைக்கு வேணுங்கறது எத்தனை?" என்றார் சித்தப்பா.

"ரெண்டு. ரிப்போர்ட் சாப்ட்வேர் ஒண்ணு. தூரத்துல இருந்து நாம உள்ள போக ஒரு வழி. மீதி பன்னெண்டு சர்வீஸும் தண்டத்துக்கு வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. சர்வரை ஓட்டற லினக்ஸ் பாவம், சொன்னா நிறுத்திடும். சொல்ல ஆளில்ல." அவள் திரையில் விரலை ஓட்டினாள். "ப்ளூடூத். கடல் தாண்டி ஒரு கொட்டகையில இருக்கற மெஷினுக்கு யார் போய் ஹெட்போன் மாட்டப் போறா? இது, பக்கத்துல யார் இருக்கீங்கன்னு கூவிக்கிட்டே இருக்கற சர்வீஸ். வீட்டுக்குள்ள கூவினா சரி, நடுத்தெருவுல நின்னு கூவுது. இது ஃபைல் அனுப்பற பழைய சர்வீஸ், பாஸ்வேர்டை ஒளிக்காம பச்சையா அனுப்பும். ஏங்க, இதெல்லாம் எதுக்கு?"

"பழைய மெஷினை அப்படியே நகலெடுத்து ஏத்தினோம் மேடம். அதுல என்ன இருந்துச்சோ எல்லாம் வந்துடுச்சு."

"வீடு மாத்தறப்போ குப்பைத்தொட்டியையும் நிறைச்சு தூக்கிட்டுப் போவீங்களா?"

சர்வர்காரர் மோவாயைத் தடவினார்.

"பாப்பா," என்றார் சித்தப்பா. முப்பது வயதுப் பெண்ணை உலகத்தில் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவருக்குத்தான் துணிச்சல். "எங்க வாரியத்துல வரைபடமே இல்லாத பழைய லைனைத் தலையில கட்டுவாங்க. எந்த வால்வு எந்தத் தெருவுக்குன்னு கடவுளுக்கும் தெரியாது. நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஒண்ணொண்ணா மூடுவோம். மூடிட்டு, பீடி பத்த வச்சு உக்காந்து காது கொடுப்போம். எந்தத் தெருவுல கத்தறாங்களோ அந்தத் தெருவு வால்வு. யாரும் கத்தலையா, அது எவனுக்கும் வேணாத வால்வு."

கறார் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அதையேதான் பண்ணப் போறேன்."

தொடுவதற்கு முன் சர்வரின் பதிவேடுகள் எல்லாவற்றையும் தன் மடிக்கணினிக்கு நகலெடுத்தாள். பிறகு மூட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டளை. முதலாவது ஸ்டாப்: இந்த நிமிஷமே வேலையை நிறுத்து. இரண்டாவது டிஸேபிள்: நாளைக்கு சர்வர் தூங்கி எழுந்தாலும் நீ கூடச் சேர்ந்து எழுந்திருக்காதே. முதலாவதை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற சோம்பேறிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

ப்ளூடூத் போனது. யாரும் கத்தவில்லை. கூவுகிற சர்வீஸின் வாய் அடைந்தது. ஃபைல் அனுப்புவது, மெயில், ஸ்கேனர் என்று ஒவ்வொன்றாக அடங்கின. கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. பதினொன்று முடிந்தபோது மணி இரண்டரை.

"மூணு வருஷமா திறந்து கிடந்த பதினோரு கதவு," என்றாள் கறார். "மூட ஒரு மணி நேரம் ஆகலை."

பன்னிரண்டாவது, பிரிண்ட் சர்வீஸ்.

"அது மட்டும் வேணாம் மேடம்," என்றார் சர்வர்காரர்.

"ஏன்? அங்க பிரிண்டர் இருக்கா?"

"இல்ல."

"பிரிண்டர் இல்லாத சர்வர்ல பிரிண்ட் சர்வீஸ் எதுக்கு?"

"அது... கேட்டுட்டுப் பண்ணலாமே."

"யாரைக் கேட்டுட்டு?"

சர்வர்காரர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். கறார் பிரிண்ட் சர்வீஸின் பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செருப்போடு உள்ளே நடந்து போகலாம். ஸ்டோர் ரூம் என்ற பெயரில் ஒரு பிரிண்டர், அதன் வரிசையில் காத்திருக்கும் வேலைகள்: நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.

அவள் அந்த எண்ணை இலக்கம் இலக்கமாக இன்னொரு முறை படித்தாள்.

"என்ன பாப்பா?"

"நகல் ரெண்டு சித்தப்பா. சாப்ட்வேருக்கு பிரிண்டர் செத்தது தெரியாது. மூணு வருஷமா ஒவ்வொரு ரிப்போர்ட்டோட ரெண்டாவது நகலையும் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. வாங்க ஆளில்ல. எல்லாம் வரிசையில நிக்குது. யார் ரத்தம், யார் கர்ப்பம், யாருக்கு என்ன வியாதி, எல்லாம். பேரோட."

"சாக்கடை அடைச்சு வீட்டுக்குள்ள நிக்கற மாதிரி."

"சாக்கடையை யாரோ மொண்டு குடிச்சிருக்காங்க." விரலால் திரையைத் தட்டினாள். "பாருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இங்க இன்னொரு பிரிண்டர் சேர்த்திருக்காங்க. பிரிண்டர்-2. ஸ்டோர் ரூம் வரிசைல இருந்து வேணுங்கற ரிப்போர்ட்டை மட்டும் பொறுக்கி அந்த பிரிண்டருக்கு மாத்தி விட்டிருக்காங்க. நாற்பத்து மூணு தடவை. சாப்ட்வேர்ல திறந்தா பேர் விழும். இந்தப் பக்கமா வந்தா விழாது."

"பிரிண்டர்-2 எங்க இருக்கு?"

"லேபுக்குள்ள. அது வரைதான் தெரியும். லேப்ல இருக்கற எல்லா மெஷினுக்கும் வெளிய ஒரே முகவரி." அவள் சர்வர்காரரிடம் திரும்பினாள். அவர் நெற்றி வேர்த்திருந்தது. "லேப்காரங்களுக்கு இப்படி ஒரு பக்கம் இருக்கறதே தெரிய நியாயமில்ல. தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. டைப்பிஸ்ட் மேல பழி விழறப்போ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க. அந்த பிரிண்டரை நீங்கதான் வச்சீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம்."

"அப்ப இதை மூடினா உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

அவர் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஸ்டாப் கட்டளையை அடித்தாள்.

சித்தப்பா காதருகே கையை வைத்துக்கொண்டார். கீழே சுத்தியல் நின்றது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். நாலாவது நிமிடம் சர்வர்காரரின் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்துவிட்டு அவர் அதைத் தேளைப்போல மேஜையில் வைத்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் கறார்.

"யோவ், என்னய்யா பண்ற?" முதலாளியின் குரல். "அந்த பிரிண்ட் பக்கம் இப்பதான் திறந்து வச்சேன், அதுக்குள்ள காணாமப் போச்சு. பழசு கொஞ்சம் கிடக்கு, சுத்தம் பண்ணணும். அதை மட்டும் நிறுத்தாதன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

கறார் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். சர்வர்காரர் அதை வாசித்தார். "சர்வர்ல ஏதோ வேலை நடக்குது சார். நாலு மணிக்கு மேல தானா சரியாயிடும்."

"சரி, சரி. அந்தத் துப்பறியற பொண்ணு அங்க வந்தாளா? ரொம்பக் குடையறாளா?"

"வந்தாங்க... போயிட்டாங்க."

போன் அணைந்தது. சித்தப்பா கையைக் காதிலிருந்து எடுத்தார்.

"தெரு தெரிஞ்சு போச்சு," என்றார்.

சர்வர்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். வேண்டாத சர்வீஸ் ஒவ்வொன்றையும் எழுதி, 'நிறுத்தலாமா' என்று கேட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார், ஒன்றரை வருடம் முன்பே. பதினோரு வரிக்கு எதிரே 'உங்க இஷ்டம்' என்றிருந்தது. பன்னிரண்டாவதுக்கு எதிரே அழுத்தமாக: 'இது இருக்கட்டும்.'

"சர்வரையும் சலவை மெஷினையும் பக்கத்துல வச்சா எது எதுன்னு தெரியாது அவருக்கு. இதை மட்டும் தெரிஞ்சு இருக்கட்டும்னார். அப்பவே எனக்கு உறுத்துச்சு."

"உறுத்தினதை வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க? மீதி பதினொண்ணுக்கும் உங்க இஷ்டம்னுதானே எழுதியிருக்கார். அதையாவது நிறுத்தியிருக்கலாமே."

"இஷ்டம்னா பொறுப்பு என் தலையில விழும் மேடம். வேணாம்னு அவர் எழுதியிருந்தா நிறுத்தியிருப்பேன்."

கறார் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருடனைப் பார்த்தால் கோபம் வரும். இந்த ஆளைப் பார்த்தால் கை கழுவத் தோன்றியது. முதலாளியின் பாட்டில் நினைவுக்கு வந்து, அந்த நினைப்பிலேயே இன்னொரு தடவை குமட்டியது.

"டம்ளரைக் கழுவுங்க," என்றாள். "நோட்டை நான் எடுத்துட்டுப் போறேன். நீங்களும் வர்றீங்க."

* * *

நாலு மணிக்கு மாடி அறையில் நாற்காலி போதவில்லை. வக்கீல் புகாரை மேஜையில் விரித்து வைத்திருந்தார், கையெழுத்துக்கு இடம் காட்டி. முதலாளிக்குப் பள்ளிக்கூட நாள் சிநேகிதர். டைப்பிஸ்ட் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிவிட்டார். சர்வர்காரர் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார்.

"சான்று தயாராம்மா?" என்றார் முதலாளி.

"தயார் சார். ஒரு சின்ன சோதனை பாக்கி." கறார் மடிக்கணினியை வக்கீல் பார்க்கும்படி திருப்பினாள். "மாப்பிள்ளை வீட்டுக்குப் போன காகிதத்தோட அடியில நகல் ரெண்டுன்னு போட்டிருந்தது. உங்க ஜெராக்ஸ்ல அந்த வரி மட்டும் விழலை. டைப்பிஸ்ட் கிட்ட இருக்கற பிரிண்டர்ல நகல் ரெண்டு வரவே வராது. அது வேற வழியா, பிரிண்டர்-2ன்னு ஒண்ணுல அச்சாகியிருக்கு. அது இந்தக் கட்டடத்துல எங்கயோ இருக்கு. எங்கன்னு தெரியலை. அதான் கூப்பிட்டுப் பார்க்கலாம்னு."

பிரிண்ட் சர்வீஸை எழுப்பினாள். எந்த பிரிண்டருக்கும் ஒரு சோதனைப் பக்கம் அனுப்பும் பொத்தான் உண்டு. அழுத்தினாள்.

முதலாளியின் கை பாட்டிலுக்குப் போய் பாதியில் நின்றது.

பிறகு அவர் முதுகுக்குப் பின்னால், பூட்டியிருந்த மர அலமாரிக்குள், ஏதோ தொண்டையைக் கனைத்தது. சக்கரங்கள் சுழன்றன. ஒரு தாள் இழுபட்டு, நிதானமாக, கடைசி வரி வரை அச்சாகி விழுந்தது.

"சார்," என்றார் சித்தப்பா. "உங்க அலமாரி கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லுது."

வக்கீல் கையை நீட்டினார். முதலாளி சாவியைக் கொடுக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே கையடக்கமான பிரிண்டர். தட்டில் சோதனைப் பக்கம், மை காயாமல்.

"பிரிண்டர் கடைக்காரன் மாட்டறப்போ காமிச்சான், இப்படி ஒரு வரிசை நிக்குதுன்னு," என்றார் முதலாளி. குரலில் வெட்கம் இல்லை; இடைஞ்சல் மட்டும்தான் இருந்தது. "என் லேப், என் ரிப்போர்ட். நான் பார்த்தா என்ன தப்பு? அந்த மாப்பிள்ளையோட அப்பா தினம் காலையில என்கூட நடக்கறவர். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது துரோகம் இல்லையா? ஒரு குடும்பத்துக்கு நல்லதுதானே பண்ணினேன்."

"நல்லது பண்ணினவர் உங்க பேரைச் சொல்லிப் பண்ணியிருக்கணும்," என்றாள் கறார். "இந்தப் பொண்ணு பேர்ல ஏன் பண்ணீங்க? காசநோய்க்காரன் சளிக்குப் பக்கத்துல உக்காந்து இவ டைப் பண்றா, இவ கை சுத்தமா இருக்கு. உங்க கையைத்தான் எத்தனை பாட்டில் ஊத்தினாலும் கழுவ முடியாது."

அவள் ஒரு தாளை வக்கீல் முன் வைத்தாள். "பொறுக்கி எடுத்த நாற்பத்து மூணு ரிப்போர்ட்டோட பட்டியல். பேர் மட்டும்தான், ரிசல்ட் இல்ல. நான் படிக்கலை, அவங்க யாரும் எனக்குத் தெரிஞ்சவங்க இல்ல. புகார்ல சேர்த்துக்கங்க."

வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் வரி வரியாக இறங்கினார். பாதி தாண்டியதும் விரல் நின்றது. மேலே போயிற்று. மறுபடி அதே வரிக்கு வந்தது.

"என் பொண்ணு பேர் இருக்கு," என்றார், யாரிடமோ கேட்பதுபோல.

முதலாளி வாயைத் திறந்தார்.

"என் பொண்ணு இங்க டெஸ்ட் எடுத்தது எனக்கே தெரியாதே. உனக்கு எதுக்கு அவ ரிப்போர்ட்?"

"டேய், பழகின குடும்பமாச்சேன்னு ஒரு அக்கறைல..."

வக்கீல் அவரை முடிக்க விடவில்லை. புகாரை எடுத்தார், நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். முப்பது வருட சிநேகிதனைப் பார்க்காமல் கறாரிடம் பேசினார். "அந்த டீச்சர் வீட்டு முகவரி இருந்தா கொடுங்க. அவங்களுக்கு ஒரு வக்கீல் தேவைப்படும்."

கறார் மடிக்கணினிக்குத் திரும்பினாள். சான்றுக்குப் பதிவேடுகளின் நகல் அவளிடம் இருந்தது; வரிசையில் நின்ற நாற்பத்தோராயிரத்தையும் துடைத்தாள். பிறகு ஸ்டாப். பிறகு டிஸேபிள். அலமாரிக்குள் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, கூப்பிட ஆளில்லாமல். சித்தப்பா பழக்கதோஷத்தில் காதில் கை வைத்தார். யாரும் கத்தவில்லை.

டைப்பிஸ்ட் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

"சார், எனக்கு ஒரு கடிதம் வேணும். நான் கொடுக்கலைன்னும், கொடுத்தது நீங்கன்னும்."

"சரிம்மா, சரி. டைப் பண்ணி எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

"கீபோர்டை உங்க ஆள் பிடுங்கிட்டுப் போயிட்டாரு. பிரிண்டரையும் இப்பதான் நிறுத்தினாங்க." மேஜையிலிருந்த வெள்ளைத் தாளை அவர் முன் நகர்த்தினாள். பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தாள். "கையால எழுதுங்க. இத்தனை வருஷமா நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேன். இன்னைக்கு நான் சொல்றேன்."

முதலாளி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா தாளைத் தொட்டது.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், ஒரு எண்கூடப் பிசகாமல் ரிப்போர்ட் அடிக்கிறவளின் நிதானத்தோடு. தேதி, நேரம், யார் ரிப்போர்ட், யார் எடுத்தது, யாரிடம் கொடுத்தது. அவர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் இரண்டாவது தாளை நீட்டினாள்.

"திரும்பவும் முதல்ல இருந்து எழுதுங்க சார். அடியில நகல் ரெண்டுன்னு போடுங்க."

"அது எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு," என்றாள் டைப்பிஸ்ட். "ரெண்டாவது டீச்சர் வீட்டுக்கு. நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்."